நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்கு விடலாமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "லயத்தில் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் வளர்க்கிறோம். மூன்றும் அடுப்படியில்தான் படுக்கும். பவுடர் போட்டேன், சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டினேன். இரண்டு கிழமையில் தெள்ளு திரும்பவும் வந்துவிட்டது. நாய்க்கு வாங்கிய, கழுத்தில் விடும் மருந்து ஒன்று மிச்சம் இருக்கிறது. அதில் பாதியைப் பூனைகளுக்கு விடலாமா?"

வேண்டாம். பாதியும் வேண்டாம், ஒரு சொட்டும் வேண்டாம்.

நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த வசதி குறைவு. மருந்து பட்ட சில மணி நேரத்தில், சிலவேளை மறுநாள், பூனை எச்சில் வடிக்கும், உடம்பு துடிக்கும், வலிப்பு வரும், செத்தும் போகலாம். அப்படி ஏற்கெனவே பட்டுவிட்டிருந்தால் பாத்திரம் கழுவும் திரவமும் இளஞ்சூட்டு நீரும் கொண்டு கழுவி, துடைத்து, உடம்பைச் சூடாக வைத்து உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை நம்பி வாங்காதீர்கள். அட்வாண்டேஜ் என்பதில் இமிடாகுளோபிரிட் என்ற தெள்ளுக்கொல்லி மட்டும்தான். பூனைக்கென்றே வரும் வகையும் உண்டு. அட்வாண்டிக்ஸ் என்பதில் அதோடு பெர்மெத்ரினும் சேர்ந்திருக்கும். அது நாய்க்கு மட்டும். பார்மசியில் அவசரத்தில் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள், பூனைக்கு என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் வீட்டில் நாயும் பூனையும் ஒட்டிப் படுக்கின்றன. அதனால் என் யோசனை, நாய்க்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தே வேண்டாம் என்பதுதான். நாயின் ரோமத்தில் ஈரமாக இருக்கும் மருந்து பூனையில் ஒட்டினாலும் ஆபத்து. பூனைகளுக்கு ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட், செலாமெக்டின் இவற்றில் ஒன்று, பூனைக்கான அளவில். நாய்க்கும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து போதும். ஆனால் மலைநாட்டு மழையில் நாய் நாள் முழுக்கத் தேயிலைக்குள் நனைந்து திரியுமென்றால் சொட்டு மருந்து சரியாக வேலை செய்யாது. விட்டபின் இரண்டு நாளாவது நனையாமல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாய்க்கு வாய்வழி மாத்திரை நல்லது. அஃபாக்சோலனர், ஃப்ளுராலனர் வகை மாத்திரைகள் உண்ணியையும் கொல்லும். விலை கூடத்தான். முன்பு வலிப்பு வந்த நாயானால் அதை வைத்தியரிடம் சொல்லிவிட்டே வாங்குங்கள்.

அளவு நிறையைப் பொறுத்தது. கண்மட்டத்தில் சொல்லாதீர்கள். கொழுந்து நிறுக்கும் தராசு பக்கத்தில் இருக்கும்போது பூனையைப் பையில் போட்டு நிறுத்துவிடலாம், கங்காணி சிரித்தாலும் பரவாயில்லை. மருந்தைக் கழுத்தின் பின்பக்கம், நாக்கு எட்டாத இடத்தில், மயிரைப் பிரித்துத் தோலில் விடுங்கள். மயிரின் மேலேயே விட்டால் பாதி வீண்.

சரி, ஏன் திரும்ப வந்தது? மிருகத்தின் மேல் நாம் காணும் தெள்ளு, வீட்டிலுள்ள மொத்தத்தில் ஏறக்குறைய 5 வீதம்தான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் சாக்கிலும் கம்பளியிலும் தரை வெடிப்பிலும் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளைக்கு 40, 50 முட்டைகூட இடும். குளிரில் தெள்ளு வராது என்று சிலர் நினைக்கிறார்கள். 13 பாகை செல்சியசுக்குக் கீழே வளர்ச்சி தாமதமாகும், உண்மைதான். ஆனால் உங்கள் அடுப்படி அவ்வளவு குளிர்வதில்லையே. கூட்டுப்புழுவை எந்த மருந்தும் சுலபமாகத் தொடாது. மாதக்கணக்கில் காத்திருந்து, சூடும் அசைவும் உணர்ந்ததும் வெளியே வரும். ஆகவே மருந்து விட்ட பிறகும் சில கிழமைக்குத் தெள்ளு தெரிந்தால் மருந்து மோசம் என்று முடிவு கட்டாதீர்கள். மூன்று மிருகங்களுக்கும் ஒரே நாளில் தொடங்கி, பெட்டியில் சொன்ன இடைவெளியில் குறைந்தது மூன்று மாதம் விடாமல் தொடருங்கள்.

அதோடு படுக்கும் துணிகளைக் கொதிக்கும் நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். வெயில் வராத நாட்களில் அடுப்புக்கு மேலே உலர்த்தினாலும் சரி. பழைய சாக்கை எரித்துவிடுங்கள். தரையின் மூலை, சுவரோரம், இஸ்தோப்பு எல்லாம் தினமும் கூட்டி, குப்பையை உடனே வெளியேற்றுங்கள். லயத்தில் ஒரு காம்பரா மட்டும் சுத்தமாகிப் பயனில்லை. பூனை பக்கத்து வீட்டுக்குப் போய்வரும் என்பதால் அவர்களோடும் பேசிப் பாருங்கள்.

மண்ணெண்ணெய், ஃபினைல், தேயிலைக்கு அடிக்கும் பூச்சிமருந்து இவை எதையும் மிருகத்தின் மேல் பூசவே வேண்டாம். பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும், பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். எட்டு கிழமைக்குக் குறைந்த குட்டிகளுக்கு மருந்து விடுவதை விட நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரி, சவர்க்கார நீரில் சீப்பை முக்குவது பாதுகாப்பானது. குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது, வைத்தியரிடம் போக வேண்டிய நேரம்.

அப்புறம், வாலடியில் அரிசி மாதிரி துணுக்குகள் தெரிகிறதா என்று பாருங்கள். தெள்ளை நக்கி விழுங்குவதால் வரும் நாடாப்புழு அது. தெள்ளு மருந்தால் போகாது. பிரசிகுவாண்டல் மாத்திரை தனியாகக் கொடுக்க வேண்டும்.