கிரானைட் அப்புறம், முதலில் தரையைப் பாருங்கள்

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு டிரெய்லரின் சமையல் மேடையைக் கழற்றிவிட்டு கிரானைட் போடலாமா, சிங்க் அருகே அமுங்கும் தரைமேல் புது வினைல் விரிப்பு ஒட்டினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தரை அமுங்குகிறது என்றால் எங்கோ தண்ணீர் கசிகிறது. ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். நல்ல பிளைவுட் எதிர்த்து நிற்கும். உளுத்தது ஈரமான ரஸ்க் மாதிரி உள்ளே போகும். மெத்தென்று இருக்கும் இடம் ஒரு சாண்தான் என்றாலும், பழைய வினைலை உரித்தால் மூன்று சாண் கறுத்துக் கிடக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. கசிவை அடைத்து, நன்றாகக் காயவிட்டு, கெட்டதை வெட்டி எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்புறம் எடை. 20 மி.மீ. கிரானைட் சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல் வரும். 18 மி.மீ. பிளைவுட்டில் லேமினேட் ஒட்டினால் அதில் கால்வாசிதான். மேடை ஒரே பக்கமாக இருப்பதால் கிரானைட் போட்டால் வண்டி சாயும். இழுக்கும் கொக்கியில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இறங்க வேண்டும். பின்பக்கம் பாரம் கூடி அது குறைந்தால் ஓட்டத்தில் வால் ஆடும்.

மேல் அலமாரியைச் சட்டென்று பிடுங்காதீர்கள். சில டிரெய்லர்களில் சுவரும் கூரையும் அதை நம்பித்தான் விறைப்பாக நிற்கின்றன.

அடுப்பை நகர்த்துவதாக இருந்தால் எரிவாயுக் குழாய் வேலையை அது தெரிந்தவரிடம் விடுங்கள். கசிவு எச்சரிக்கைக் கருவியைத் தரையை ஒட்டிப் பொருத்துங்கள்; எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும்.

மேடை எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது? படம் போட்டால் சொல்கிறேன்.