சூரிய முகம் பதித்த வெள்ளிக் காப்பு

கேள்வி: அமெரிக்காவில் பணியாற்றிய என் பெரியப்பா 1970-களில் வாங்கி வந்த வெள்ளிக் காப்பில் நீலம், சிவப்பு, கறுப்பு, வெள்ளைக் கற்களால் சூரிய முகம் பதிக்கப்பட்டுள்ளது. ‘சூனி’ நகை என்பார். மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு கடையில் கல்லைக் கழித்து வெள்ளிக்கு மட்டுமே விலை கூறினார்கள். இதன் மதிப்பை அறிவது எப்படி?
– வாசகி, திருமங்கலம்

பதில்: கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, நம் ஊரில் எடைதான் விலை. ஆனால் நியூ மெக்சிகோ மாநிலத்தின் பழங்குடியினரான சூனி மக்களின் வேலைப்பாட்டில் வெள்ளி வெறும் சட்டமே; மதிப்பு கல்லை அறுத்துப் பதித்த கைத்திறனில் இருக்கிறது. நீலம் டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல், சிவப்பு பவளம், கறுப்பு ஜெட் என்னும் நிலக்கரி வகைக் கல், வெள்ளை முத்துச்சிப்பி ஆகியவையே அவர்களின் வழக்கமான பொருள்கள்.

உருப்பெருக்கியால் பாருங்கள். ஒருவகைப் பதிப்பில் கற்களுக்கிடையே மெல்லிய வெள்ளித் தகடு வரப்புப்போல் ஓடும். மற்றொன்றில் கல்லோடு கல் நேரடியாக ஒட்டியிருக்கும். இடுக்குகளில் நிறப்பசை தாராளமாகத் தெரிந்தாலோ, நீலம் எங்கும் ஒரே சீராக இருந்தாலோ ஐயம் கொள்ளலாம். ‘ஸ்டெர்லிங்’ முத்திரை 92.5 சதவீத வெள்ளி என்பதை மட்டுமே உணர்த்தும். பழைய நகைகள் பலவற்றில் செய்தவர் பெயரே இராது என்பதால், பெயரில்லாததைப் போலி என்று ஒதுக்கவும் கூடாது.

செய்தவர் யாரென உறுதியானால் விலை கணிசமாக உயரும். விரிசல் விட்ட, உதிர்ந்த கல் அதைக் குறைக்கும். பெரியப்பா வைத்திருந்த ரசீதைத் தேடியெடுத்து, காப்பின் முன்புற, பின்புறப் படங்களுடன் அமெரிக்கப் பழங்குடி நகைகளை ஏலமிடும் நிறுவனங்களிடம் கருத்துக் கேளுங்கள். அதுவரை புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். புளியின் அமிலம் பவளத்தையும் சிப்பியையும் அரித்துவிடும்.