சப் மீட்டர் வீட்டில் 1,100 ரூபாய் கரண்ட் பில்: லோன் போட்டு ஃப்ரிட்ஜ் வாங்கலாமா?

கேள்வி: அம்பத்தூரில் 6,500 ரூபாய் வாடகைக்கு ஒரு போர்ஷனில் இருக்கிறோம். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர், கணவர் ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டு பிள்ளைகள். வீட்டு ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். மாதம் 1,100 ரூபாய் ஆகிறது. இருப்பது இரண்டு சீலிங் ஃபேன், செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜ், டிவி, மிக்ஸி, அயர்ன் பாக்ஸ். மகளிர் குழுவில் 20,000 ரூபாய் லோன் தருகிறார்கள். அதில் ஃபைவ் ஸ்டார் ஃப்ரிட்ஜ் எடுத்தால் பில் பாதியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாடகை வீட்டுக்கு எதற்குச் செலவு என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: லோன் எடுக்காதீர்கள், சகோதரி. கணக்கைப் பாருங்கள். 1,100 ரூபாய் என்றால் மாதம் சுமார் 122 யூனிட். பழைய ஃப்ரிட்ஜ் அதில் 40 யூனிட் இழுக்கிறது என்று வைத்தாலும் 360 ரூபாய்தான். ஃப்ரிட்ஜே இல்லாமல் இருந்தால்கூட பில் பாதியாகாது. புதிதாக வாங்கும் சிறிய ஃப்ரிட்ஜின் ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு 150 யூனிட் என்று போட்டிருந்தால், மாதம் 12, 13 யூனிட் ஆகும். மிச்சம் ஏறக்குறைய 240 ரூபாய். 20,000 ரூபாயை 24 சதவீத வட்டியில் இரண்டு வருடத்தில் அடைக்க மாதத் தவணை 1,050 ரூபாயைத் தாண்டும். 240 ரூபாய் மிச்சம் பிடிக்க 1,050 ரூபாய் கட்டுவது உங்கள் வருமானத்துக்குத் தாங்காது.

உங்கள் வீட்டில் பணம் அதிகம் போவது ஃபேனில். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் வரை எடுக்கும். இரண்டும் சேர்ந்து நாளுக்கு 25 மணி நேரம் ஓடினால் மாதம் 56 யூனிட், அதாவது 500 ரூபாய். குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் அதே காற்றை 30 வாட்டில் தருகிறது. ஹாலில் 15 மணி நேரம் ஓடும் ஃபேனை மட்டும் மாற்றினாலே மாதம் 20 யூனிட், 180 ரூபாய் மிச்சம். ஃபேன் விலையும் மாட்டும் கூலியும் சேர்த்து 3,000 ரூபாய் ஆனால், 17 மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். தீபாவளி போனஸ் வந்ததும் முதல் செலவாக இதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஃபேன் அடுத்த வருடம் போதும்.

உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் ஃபேன் சுவரோடு சேர்ந்த பொருள் இல்லை, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஓனரின் பழைய ஃபேனையும் ரெகுலேட்டரையும் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். மாற்றும் முன்பே, "இது எங்கள் ஃபேன், போகும்போது உங்களுடையதை மாட்டித் தருகிறோம்" என்று ஓனருக்கு வாட்ஸ்அப்பில் போட்டு, அவர் சரி என்று சொன்ன பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். அட்வான்ஸில் பிடித்தம் என்ற பேச்சு பெரும்பாலும் இந்த மாதிரி விஷயத்தில்தான் கிளம்பும். இன்னொன்று, பிஎல்டிசி ஃபேனைப் பழைய ரெகுலேட்டரில் வேகம் குறைக்கக் கூடாது, எலக்ட்ரீஷியனிடம் நேராக இணைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் இதைவிடப் பெரிய பணம் அந்த 9 ரூபாயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016-இல் இருந்தே. அடுத்த படிகளும் விலை குறைவு. உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருந்தால், இரண்டு மாதத்துக்கு 244 யூனிட் ஓடினாலும், இப்போது ஒரு மாதத்துக்குக் கொடுப்பதைவிடக் குறைவான பில்தான் வரும். அரசு எல்லா வீட்டு இணைப்புக்கும் கொடுக்கும் அந்த 100 யூனிட், சப் மீட்டரில் இருக்கும் வாடகைக் குடும்பத்தின் கைக்கு வருவதே இல்லை. எனக்கு மனசு கொதிக்கும் இடம் இதுதான்.

ஓனரிடம் சண்டையாகப் போக வேண்டாம். நான்கு போர்ஷனுக்கு ஒரே மீட்டர் என்றால் 500 யூனிட்டைத் தாண்டி அவருக்கும் விலை ஏறியிருக்கும். அவருடைய பில்லைக் காட்டச் சொல்லி, தனிச் சமையலறை உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்பு வாங்க முடியுமா என்று கேளுங்கள். அதற்கான செலவில் பங்கு கேட்டால், வாடகையில் கழித்துக்கொள்வதாக எழுதி வாங்கிய பிறகே கொடுங்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அடுத்த ஒப்பந்தத்தில் யூனிட் விலையையாவது எழுதச் சொல்லுங்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். கோபத்தில் கரண்டைத் துண்டிக்கவும் அந்தச் சட்டம் இடம் தரவில்லை.

கூரையில் சோலார் போட மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. சொந்தக் கூரை இல்லாதவருக்கு அதில் என்ன கிடைக்கும்? 2011-இல் மிக்ஸி, கிரைண்டரோடு ஃபேனும் வீடு வீடாகக் கொடுத்த மாநிலம் இது. இன்று ரேஷன் கார்டுக்கு ஒரு பிஎல்டிசி ஃபேன் கொடுத்தால், வாடகைக்காரர் எந்த வீட்டுக்குப் போனாலும் அது கூடவே போகும். இதைக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சரி, ஃப்ரிட்ஜுக்கு வருவோம். இப்போதே தூக்கிப் போட வேண்டாம், முதலில் சோதியுங்கள். ஒரு நாள் மதியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஃப்ரிட்ஜை மட்டும் ஓட விடுங்கள். சப் மீட்டர் எண்ணை போனில் படம் எடுத்துக்கொண்டு, நான்கு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். வித்தியாசத்தை ஆறால் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. ஒன்றரை யூனிட்டுக்கு மேல் வந்தால் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளை நடுவில் வைத்துக் கதவை மூடி இழுத்தால் லேசாக வந்துவிடுகிறதா? அப்படியானால் சில நூறு ரூபாயில் ரப்பர் மாற்றிப் பார்க்கலாம். ஃபேனில் மிச்சமாகும் 180 ரூபாயை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள், இரண்டாவது ஃபேன் வந்த பிறகு அது 300 ஆகும். பழைய ஃப்ரிட்ஜ் கைவிடும் நாளில் புதியதில் ஒரு பங்காவது கையில் ரொக்கமாக இருக்கும்.