வால்வு மாற்றும் முன்: கேள்வி பதில்

கேள்வி: என் வால்வு ஆம்பில் (வெற்றிடக் குழாய்களால் ஒலி சிக்னலைப் பெருக்கும் பெட்டி) சிறிய வால்வு 12ஏஎக்ஸ்7 இரண்டு, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு ஈஎல்34 நான்கு. எதை மாற்றினால் ஒலியில் வித்தியாசம் தெரியும்?

பதில்: சிக்னல் முதலில் நுழையும் 12ஏஎக்ஸ்7-ஐ. அங்கே சிக்னல் மிகச் சிறியது. அந்த வால்வின் இரைச்சலும் அதிர்வும் அடுத்தடுத்த கட்டங்களில் பெருகிக்கொண்டே போகும். வாங்குவதற்கு முன் இருப்பதைச் சோதியுங்கள். பாட்டு எதுவும் போடாமல் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி, பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் ‘டக்’ என்று கேட்டு அடங்கினால் பரவாயில்லை. ‘டிங்ங்’ என்று இழுத்தால் அதை மாற்றியே ஆக வேண்டும்.

கேள்வி: 12ஏஎக்ஸ்7 இடத்தில் 12ஏயூ7 போடலாமா?

பதில்: கால் அமைப்பும் ஹீட்டரும் (வால்வைச் சூடாக்கும் இழை) ஒன்றுதான், எதுவும் எரியாது. ஆனால் முன்னதன் பெருக்கக் காரணி 100, பின்னது ஏறக்குறைய 20. கெயின் (சிக்னல் பெருகும் அளவு) விழுந்துவிடும்; சுற்றியுள்ள ரெசிஸ்டர்களும் அதற்குப் பொருந்தாது. கெயின் சற்றுக் குறைந்தால் போதும் என்றால் 5751 போடுங்கள், அது 70. 6டிஜே8-ஐ மட்டும் சாக்கெட்டில் நுழைகிறதே என்று செருகிவிடாதீர்கள். அதன் ஹீட்டர் இணைப்பே வேறு.

கேள்வி: ஈஎல்34-ஐ எடுத்துவிட்டு கேடி88 போட்டால் சக்தி கூடுமா?

பதில்: முதலில் உங்கள் ஆம்ப் கேத்தோடு பயாஸா, ஃபிக்ஸட் பயாஸா என்று பாருங்கள். பாட்டு இல்லாதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிப்பதுதான் பயாஸ்; கேத்தோடு பயாஸில் அது பெரும்பாலும் தானே சரியாகிக்கொள்ளும். அது தெரியாமல் பவர் வால்வில் கை வைக்காதீர்கள். ஃபிக்ஸட் பயாஸ் என்றால் புதிய வால்வு போடும் ஒவ்வொரு முறையும் அளந்து சரிசெய்ய வேண்டும். ஈஎல்34-ன் பிளேட் (மின்னோட்டம் வந்து சேரும் உலோகத் தகடு) தாங்குவது 25 வாட். அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட்டில் நிறுத்துவது வழக்கம். பிளேட்டில் 430 வோல்ட் இருந்தால் சுமார் 40 மில்லிஆம்பியர். அதே பயாஸில் கேடி88-ஐச் செருகினால் மின்னோட்டம் எகிறும். பிளேட் சிவந்தால் அந்த நொடியே அணையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் மாறாதவரை சக்தி பெரிதாகக் கூடப்போவதும் இல்லை.

கேள்வி: ஈஎல்34-க்குப் பதில் 6எல்6?

பதில்: மேலே சொன்னதேதான். பயாஸ்.

கேள்வி: வால்வுக்குள் நீல ஒளி தெரிகிறது. கெட்டுவிட்டதா?

பதில்: கண்ணாடியின் உட்புறம் படிந்தாற்போல் தெரிந்தால் இயல்புதான். பிளேட்டுக்கு உள்ளே ஊதா, இளஞ்சிவப்பாக இருந்தால் வாயு சேர்ந்திருக்கிறது, மாற்றுங்கள். உச்சியில் உள்ள வெள்ளிப்பூச்சு பால்வெள்ளையாகியிருந்தால் காற்றே புகுந்துவிட்டது.

கேள்வி: நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தை எதிர்த்திசையில் உள்ளே திருப்பிப் பிழையைக் குறைக்கும் முறை) உள்ள ஆம்பில் எந்த வால்வும் ஒன்றுதான். முல்லார்ட், டெலிஃபங்கன் என்று பழைய கம்பெனி வால்வுகளைத் தேடுவதெல்லாம் மனப்பிரமை.

பதில்: பாதி சரி. கெயின் வேறுபாட்டையும் உருக்குலைவையும் ஃபீட்பேக் அமுக்கும். முதல் வால்வின் சொந்த இரைச்சலிடம் அது எடுபடாது, சிக்னலோடு சேர்த்துத்தான் இரண்டையும் குறைக்கிறது. ஃபோனோ கட்டம் (ரெக்கார்ட் பிளேயரின் சிறு சிக்னலைப் பெருக்கும் பகுதி) அந்த ஃபீட்பேக் வளையத்துக்கு வெளியே இருந்தால் ஃபீட்பேக் பேச்சுக்கே அங்கு இடமில்லை.

அவரே மீண்டும்: இரைச்சலை விடுங்கள். “மேடை விரிந்தது, குரல் இனித்தது” என்கிறார்களே?

பதில்: அங்கேதான் எனக்கும் சந்தேகம். புது வால்வுக்குக் கெயின் துளி கூடினாலும் சத்தம் ஏறும். ஏறிய சத்தம் நம் காதுக்கு ‘நல்ல ஒலி’யாகப் படும். அதனால் ஒரே டெஸ்ட் டோனை ஓட்டி, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டு வால்வுக்கும் வால்யூமைச் சமமாக்குங்கள். 2 வோல்ட்டில் 0.02-க்கு மேல் வித்தியாசம் வேண்டாம். பிறகு எது எது என்று சொல்லாமல் வேறொருவர் மாற்றிப் போடட்டும். அப்போதும் கண்டுபிடிக்கிறீர்கள் என்றால் மனப்பிரமை என்று யாரும் சொல்ல முடியாது.

அவரே: அப்படியானால் பழைய வால்வுகளுக்கு ஏன் இத்தனை மவுசு?

பதில்: நன்றாகச் செய்தார்கள், அதனால். நல்ல பழைய வால்வுகள் அமைதியானவை, நீடித்து உழைப்பவை. ஆனால் ஒரு கம்பெனி செய்ததை இன்னொரு கம்பெனி தன் பெயர் அச்சிட்டு விற்பது அன்றைக்குச் சாதாரணம். பெயரை நம்பாதீர்கள், வால்வு டெஸ்டரில் அளந்த அளவைக் கேளுங்கள்.

கேள்வி: எந்த பிராண்ட் வாங்கலாம்?

பதில்: இதற்கு முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ரெக்டிஃபயர் வால்வு (ஏசி மின்சாரத்தை டிசி ஆக்குவது) 5ஒய்3-ஐ ஜிஇசட்34 ஆக மாற்றலாமா?

பதில்: ஜிஇசட்34-ல் வோல்ட் இழப்பு குறைவு, ஆகவே உள்ளே வோல்டேஜ் ஏறும். கெப்பாசிட்டர்கள் அதைத் தாங்குமா என்று பாருங்கள். பயாஸையும் மறுபடி அளக்க வேண்டும்.

கேள்வி: வால்வைக் கழற்றும் முறை?

பதில்: பிளக்கைப் பிடுங்குங்கள், முழுதாக ஆறட்டும். பெரிய வால்வுகளைக் கண்ணாடியில் பிடிக்காமல் அடித்தளத்தில் பிடித்து, மெல்ல அசைத்து நேராக மேலே இழுங்கள். ஆம்பின் அடித்தகட்டைத் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். மறுபடி ஆன் செய்யும்முன் ஸ்பீக்கர் ஒயர்கள் மாட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள்.