கடைப் பெயர் பொறித்த லீவர் ரைஃபிள்கள்: கேள்விகளும் பதில்களும்

பழைய அமெரிக்கக் கடைப் பிராண்ட் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். விசைக்கு அடியில் உள்ள நெம்புகோலை (லீவர்) இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைஃபிள்கள் இவை; வேறு கம்பெனி செய்ததைப் பெரிய கடைகள் தங்கள் பெயர் பொறித்து விற்றன. வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மாமனார் வீட்டில் ஒரு .30-30 (தோட்டாவின் வகை) ரைஃபிள் கிடைத்தது. குழலில் 'சியர்ஸ், டெட் வில்லியம்ஸ், மாடல் 100' என்று இருக்கிறது. டெட் வில்லியம்ஸ் துப்பாக்கிக் கம்பெனியா சார்?

இல்லை, அவர் பேஸ்பால் வீரர். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு ஆடி 1960-ல் ஓய்வு பெற்றவர். அதன் பிறகு சியர்ஸ் என்ற பெரிய அமெரிக்கக் கடை தன் விளையாட்டுச் சாமான்களுக்கு அவர் பெயரை வாங்கிக்கொண்டது. உங்களிடம் இருப்பது வின்செஸ்டர் கம்பெனி செய்த 94 என்ற மாடல். அதுவும் 1964-ல் செலவைக் குறைக்க மாற்றியமைத்த பிறகு வந்த வகை.

அதற்கு முன் சியர்ஸ் வைத்திருந்த பெயர் ஜே.சி. ஹிக்கின்ஸ். ஜான் ஹிக்கின்ஸ் அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்த நிஜ மனிதர். அவருக்கு நடு எழுத்தே கிடையாது, அந்த 'சி' கம்பெனி சேர்த்தது!

அப்படியானால் யார் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயரை மறந்துவிட்டு எண்களைப் பாருங்கள். சியர்ஸ் துப்பாக்கிகளில் பெரும்பாலும் ஒரு நீளமான எண் இருக்கும், நடுவில் புள்ளியோடு. புள்ளிக்கு முன்னால் உள்ள மூன்று இலக்கம்தான் செய்தவரின் குறி: 273 என்றால் வின்செஸ்டர், 103 என்றால் மார்லின், 583 என்றால் ஹை ஸ்டாண்டர்ட். மான்ட்கோமரி வார்ட் என்ற இன்னொரு கடையின் 'வெஸ்டர்ன் ஃபீல்ட்' துப்பாக்கிகளில் எழுத்துக் குறி வரும். இ.எம்.என். என்று இருந்தால் மார்லின்.

குறி தேய்ந்திருந்தால் உருவத்தைப் பாருங்கள். வின்செஸ்டர் 94-ல் காலித் தோட்டா ரிசீவரின் (இயந்திரம் இருக்கும் நடு உலோகப் பகுதி) மேல்பக்கம் வழியாக வெளியே வரும். மார்லின் 336-ல் மேலே மூடியிருக்கும், வலப்பக்க ஓட்டை வழியாக வரும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆனால் பக்கவாட்டில் தள்ளுவதெல்லாம் மார்லின் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வெஸ்டர்ன் ஃபீல்ட் 72 என்பது மாஸ்பெர்க் என்ற வேறு கம்பெனியின் 472.

நும்ரிச் என்ற பழைய உதிரிபாகக் கடை, எந்தக் கடைப் பெயர் எந்த அசல் மாடல் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தேட ஆரம்பிக்க நல்ல இடம். அதை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள், கையில் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள்.

எந்த வருடத்தில் செய்தது என்று தெரியுமா?

மார்லின் என்றால் பெரும்பாலும் தெரியும். 1964-க்கு ஏ.ஏ., 1965-க்கு ஏ.பி. என்று வரிசை எண்ணின் முன்னால் எழுத்துகள். 1969 முதல் 1972 வரை முதல் இரண்டு இலக்கமே வருடம். 1973-லிருந்து அந்த இரண்டு இலக்கத்தை 100-லிருந்து கழிக்க வேண்டும்: 27 என்றால் 73. 71 என்று பார்த்ததும் அவசரப்பட்டுக் கழித்து 1929 என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 336 பிறந்ததே 1948-ல்தான்.

தொழிற்சாலைப் பதிவேட்டில் இருந்து சான்றுக் கடிதம் வாங்கலாமா? வயோமிங்கில் ஒரு மியூசியம் கொடுக்கிறதாமே.

கோடி நகரத்து மியூசியத்தைச் சொல்கிறீர்கள். அங்கே இருப்பது பழைய பதிவேடுகள். மார்லினுக்கு 1883 முதல் 1906 வரைதான். 60-களில் சியர்ஸுக்குச் செய்து கொடுத்த துப்பாக்கிக்கு அங்கே எதுவும் கிடைக்காது.

அதனால் இந்தத் துறையில் உண்மையான ஆவணம் கடைகளின் கேட்லாக்தான். எந்தப் பருவத்தில் எந்த மாடல், என்ன விலை, எந்த எண் எல்லாம் அச்சில் இருக்கிறது. ஆர்டர் எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் எப்போதும் ஒன்றாக இருக்காது, அதைக் கவனியுங்கள். என் அபிப்பிராயத்தில் ஒரு நல்ல கேட்லாக் வரிசை, இரண்டு சுமாரான ரைஃபிளைவிட மேல்.

'இது மொத்தமே சில நூறுதான் செய்தார்கள்' என்று விற்பவர் சொன்னால் எந்த ஏட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராது.

என்னிடம் உள்ள .22 (சிறு தோட்டா) ரைஃபிளில் வரிசை எண்ணே இல்லை. பயமாக இருக்கிறது அண்ணா.

1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன் .22 ரைஃபிளுக்கு எண் கட்டாயம் இல்லை. மலிவான கடைத் துப்பாக்கிகள் பலவும் எண்ணில்லாமலே வந்தன. ஆனால் எண் இருந்த இடத்தில் அரம் போட்ட தடம் தெரிந்தால் அது வேறு கதை, தொடாதீர்கள். .30-30-ல் எண் காணவில்லை என்றாலும் அப்படித்தான்.

வெளி மாநிலக் கடையில் தபாலில் ஆர்டர் போட்டு வீட்டுக்கே துப்பாக்கி வரவழைப்பதையும் அந்தச் சட்டம்தான் முடித்துவைத்தது.

டெட் வில்லியம்ஸ் ரிசீவர் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்திருக்கிறது. மறுபடி புளூயிங் (எஃகுக்கு நீலக்கறுப்பு நிறமேற்றுவது) செய்யலாமா?

வேண்டாம். 1964-க்குப் பிறகு வந்த 94-களின் ரிசீவர் உலோகம் வழக்கமான புளூயிங்கை ஒழுங்காகப் பிடிக்காது. நிறம் திட்டுத்திட்டாக வரும். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எண்ணெயும் மிக மெல்லிய எஃகுக் கம்பளியும் வைத்து மெதுவாகத் துடையுங்கள். சுடும் எண்ணம் இருந்தால் முதலில் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

விலை?

பொதுவாக அதே வயதுள்ள அசல் பெயர்த் துப்பாக்கியைவிடக் குறைவு. ஆரம்பிப்பவர்களுக்கு அதுதான் வசதி.

கிளென்ஃபீல்டும் கடைப் பிராண்டுதானே?

இல்லை. அது மார்லினே வைத்துக்கொண்ட மலிவு விலைப் பெயர், சங்கிலிக் கடைகளில் விற்க. உள்ளே 336-ன் இயந்திரம்தான், கட்டை மட்டும் வால்நட்டுக்குப் பதில் சாயம் போட்ட பிர்ச். சேகரிப்பில் தனித் தட்டில் வையுங்கள்.