அடிக்கிற கையா, தடுக்கிற கையா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் பிரிவு) பலமாக இருந்தால் போதும், கோப்பை நிச்சயம் என்கிறார்களே! 2014 சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் சியாட்டில் 43-8 என்று டென்வரை நொறுக்கியதே சாட்சி அல்லவா?

பதில்: சாட்சிதான். அந்த சீசனில் 606 புள்ளி குவித்துச் சாதனை படைத்த டென்வரை எட்டோடு நிறுத்துவது லேசுப்பட்ட காரியமா? ஆனால் அந்த டிஃபென்ஸை வழிநடத்திய டான் க்வின் மூன்றே வருடத்தில் என்ன பாடுபட்டார் என்பதை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

2017 பிப்ரவரி, ஹூஸ்டன், மறுபடி சூப்பர் பவுல். அட்லாண்டாவின் தலைமைப் பயிற்சியாளர் க்வின். நியூ இங்கிலாந்துக்கு எதிராக 28-3 என்று முன்னிலை. முடிவில் 34-28 என்று தோல்வி! டிஃபென்ஸ் வித்தை அவருக்கு மறந்தா போயிற்று? அவருடைய ஆட்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. நியூ இங்கிலாந்து பந்தை வைத்து 93 முறை தாக்கியது. அட்லாண்டா 46 முறைதான். நடுவில் ராபர்ட் ஆல்ஃபர்ட் எதிரணி வீசிய பாஸைப் பறித்து 82 யார்டு ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். பலே! ஆனால் டச்டவுன் போட்டால் பந்து மறுபடி எதிரணிக்குத்தானே? களைத்துப்போன அதே டிஃபென்ஸ் உடனே திரும்பவும் களத்தில்.

பந்தோடு ஓடி விழுந்தால் கடிகாரம் நிற்காது. நம் டிஃபென்ஸ் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம். பாஸ் தவறித் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். கடைசி ஐந்து நிமிடத்துக்குள், 28-20 இருக்கையில், பந்து எதிரணியின் 22 யார்டு கோட்டில். மூன்று முறை ஓடி விழுந்துவிட்டு ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) உதைத்திருந்தால் 31-20. அட்லாண்டா ஒரே ஒரு முறை ஓடியது. அடுத்து பாஸ் போட நின்ற மாட் ரையனை 12 யார்டு பின்னால் மடக்கினார்கள். அதற்கு மேல் ஒரு ஃபவுல், இன்னும் 10 யார்டு போச்சு. ஃபீல்டு கோல் கனவாகிப் போக, பந்தைத் தூர உதைத்து நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடி கையில் ஒப்படைத்தார்கள். டிஃபென்ஸைக் கவிழ்த்தது பந்தை வைத்துத் தாக்கும் சொந்த அஃபென்ஸ்!

இதற்கு நேர் எதிர், 1991 சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸ். முந்தின வாரம்தான் 51 புள்ளி அடித்திருந்த பஃபலோவை 20-19 என்று வென்றார்கள். 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடத்துக்கு மேல் பந்து ஜயன்ட்ஸ் கையில். பஃபலோவின் அதிவேக அஃபென்ஸ் பெஞ்சில். சொல்லுங்கள், அந்த நாற்பது நிமிடத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?