சொந்த வலைத்தளம்: நேரமும் பயிற்சியும் குறைவாக இருப்பவர்களுக்குக் கேள்வி பதில்

தனக்கென ஒரு வலைத்தளம் வேண்டும் என்று விரும்பியும், நேரமில்லை, வடிவமைப்பு தெரியாது என்று தள்ளிப்போட்டு வருபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதல் ஞாயிறு கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு தாளில் எழுதுங்கள்: நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள், செய்தவற்றில் எதைக் காட்ட விரும்புகிறீர்கள், உங்களை எப்படித் தொடர்புகொள்வது. சொந்தத் தளங்கள் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் எழுத வேண்டியதை எழுதாமல் விடுவதுதான். மெனுவில் ஐந்து தலைப்புகள் வைத்து, நான்கில் ‘விரைவில்’ என்று போட்டிருக்கும் தளத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரே பக்கம் போதும். அதை முழுமையாகச் செய்யுங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸ், இழுத்துப் போட்டு அமைக்கும் சேவை, கையால் எழுதும் எச்டிஎம்எல். எனக்கு எது பொருந்தும் ஐயா?

தளத்தை எத்தனை முறை மாற்றுவீர்கள் என்பதைப் பொறுத்தது. வாராவாரம் கட்டுரை எழுதுபவருக்கு, கட்டுரைகளை எழுதி வெளியிட உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் வசதியானது. ஆனால் அதை நீங்களே சர்வரில் (தளத்தின் கோப்புகளை வைத்திருந்து இணையத்தில் வழங்கும் கணினியில்) நிறுவினால் மென்பொருள், தோற்றத்தைத் தரும் தீம், கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின் என்று எல்லாவற்றையும் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்ட பிளகின், தளத்துக்குள் புக நினைப்பவர்களுக்குத் திறந்த கதவு. நேரமில்லை என்று சொல்பவர் தலையில் அந்தச் சுமையை ஏற்ற எனக்கு மனமில்லை.

இழுத்துப் போடும் சேவைகளில் ஒரே மாலையில் தளம் தயாராகிவிடும். சிக்கல், வெளியேறும்போதுதான். பலவற்றில் வடிவமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடியாது. சேருவதற்கு முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

வருடத்தில் நான்கைந்து முறை மட்டும் திருத்துபவருக்கு என் பரிந்துரை, கையால் எழுதிய ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. எச்டிஎம்எல் என்பது வலைப்பக்கத்தைக் குறிகளால் எழுதும் மொழி. தலைப்பு, பத்தி, இணைப்பு, படம், பட்டியல் ஆகிய ஐந்துக்குமான குறிகளைக் கற்றுக்கொண்டால் பக்கம் உருவாகிவிடும். ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகின் முதல் வலைத்தளமும் இத்தகைய எளிய பக்கங்களால் ஆனதுதான். அது 1991இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது; அதன் நகல் இன்றைய பிரவுசரிலும் திறக்கிறது. எளிமைக்கு அவ்வளவு ஆயுள். கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டிஸ் போன்ற சேவைகளில் இத்தகைய கோப்புகளை இலவசமாக ஏற்றலாம்.

கேள்வி: வண்ணம், அழகு எதுவும் எனக்குக் கைவராது. பார்ப்பவர்கள் மதிப்பார்களா?

படிக்க வசதியாக இருந்தால் மதிப்பார்கள். வெள்ளைப் பின்னணி, கருமையான எழுத்து, இணைப்புகளுக்கு மட்டும் ஒரு நிறம். வரிகள் திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடாதபடி பத்தியின் அகலத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

தமிழில் எழுதினால் வரி இடைவெளியைக் கவனியுங்கள். ‘கீ’யின் கொக்கி மேலே ஏறும், ‘ழு’வின் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கென்று அமைத்த இடைவெளியில் இவை இரண்டும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவைப் போல 1.7 மடங்கு வைத்துப் பாருங்கள், பக்கமே மூச்சுவிடும். தமிழைச் சாய்வெழுத்தாக்க வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் கிடையாது என்பதால் பிரவுசர் எழுத்தை வலுக்கட்டாயமாகச் சாய்த்துக் காட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது, அது போதும்.

கேள்வி: கணினியில் நன்றாக இருக்கிறது. கைபேசியில் எழுத்துகள் மிகச் சிறியதாகத் தெரிகின்றன.

கோப்பின் தலைப்பகுதியில், பக்கத்தைத் திரையின் அகலத்துக்கேற்ப அமைக்கச் சொல்லும் வியூபோர்ட் என்ற மெட்டா வரி விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் கைபேசி, பக்கத்தைச் சுமார் 980 பிக்சல் அகலத்துக்கு வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும். அந்த ஒரு வரியைச் சேருங்கள்.

கேள்வி: என் கணினியில் தெரிந்த படங்கள், சர்வரில் ஏற்றியதும் காணாமல் போயின. ஏன்?

கோப்பின் பெயரைப் பாருங்கள். கேமரா பெயரைப் பெரிய ஆங்கில எழுத்துகளில் வைத்திருக்கும். நீங்கள் நிரலில் சிறிய எழுத்துகளில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே கருதும். லினக்ஸ் சர்வருக்கு அவை வெவ்வேறு கோப்புகள். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அப்படியே படத்தின் அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்துவிடுங்கள். பல எம்பி எடையுள்ள படம் சில நூறு கேபிக்குள் வந்துவிடும்.

கேள்வி: பணம் கொடுத்து டொமைன் வாங்குவது அவசியமா?

டொமைன் என்பது தளத்துக்கென்று நீங்கள் வாங்கும் சொந்த முகவரிப் பெயர். செலவு செய்யத் தகுந்தது இது ஒன்றுதான் என்பேன். இலவச முகவரி அந்தச் சேவை இருக்கும் வரைதான். 2009இல் யாஹூ தன் இலவச வலைத்தளச் சேவையான ஜியோசிட்டிஸை மூடியபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் அவற்றின் முகவரிகளோடு போயின. டொமைன் உங்களுடையதாக இருந்தால் தளத்தை எங்கே மாற்றினாலும் முகவரி மாறாது.

முதல் வருடச் சலுகை விலையில் மயங்காமல், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். நண்பர் தளத்தை அமைத்துத் தந்தாலும் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் இருக்கட்டும். அந்தக் கணக்குக்கு அதே டொமைனின் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் மின்னஞ்சலும் நின்றுபோகும்; நினைவூட்டல் உங்களுக்கு வந்து சேராது.

கேள்வி: அம்மாவும் நானும் சேர்ந்து அவருடைய கைவேலைகளுக்கு ஒரு பக்கம் அமைக்கிறோம். எதையெல்லாம் போடக் கூடாது?

வீட்டு முகவரி, பிறந்த தேதி இரண்டையும் தவிருங்கள். தொடர்புக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்குங்கள். கைபேசியில் எடுத்த படங்களுக்குள் எடுத்த இடத்தின் ஆயங்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) பதிவாகியிருக்கக்கூடும். வீட்டில் எடுத்த படமென்றால் அது வீட்டு முகவரியைக் கொடுப்பதற்குச் சமம். ஏற்றுவதற்கு முன் இடத்தகவலை நீக்கிவிடுங்கள். படத்தின் விவரங்களைக் காட்டும் திரையிலேயே பல கைபேசிகளில் அதற்கு வழி இருக்கிறது.